முட்டைக்கோஸ் பாத்தியில் பி.டி. தெளிப்பு: நாட்குறிப்பு

ஜூன் 3

வெளி இலைகளின் அடிப்பக்கம் சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் போல மிஞ்சியிருக்கிறது. தொட்டதும் துள்ளி நூலில் தொங்குகிறது புழு. வைரமுதுகு அந்துப்பூச்சிதான். நீளம் 3, 4 மில்லிமீட்டர். பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன புழுக்கொல்லி) தெளிக்க இதுவே சரியான பருவம். வளர்ந்த புழுவுக்கு மருந்து அதிகம் உள்ளே போக வேண்டும், அதற்குள் இலையும் போய்விடும்.

எந்தப் புழுவானாலும் தெளிக்கும் முன் வயிற்றுப் பகுதியின் சதைக்கால்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து சோடி அல்லது குறைவு என்றால் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழு. ஆறு சோடியோ அதற்கு மேலோ இருந்தால் ரம்ப ஈயின் புழு. குர்ஸ்டாகி வகை பி.டி. அதை ஒன்றும் செய்யாது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளுக்கும் இது வேலை செய்யாது, இலையைத் தின்றால்தான் மருந்து குடலுக்குப் போகும்.

ஜூன் 4, மாலை 5.30

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் குர்ஸ்டாகி, நனையும் தூள். இந்தப் பொட்டலத்தின் அளவு லிட்டருக்கு 2 கிராம். தயாரிப்புக்குத் தயாரிப்பு செறிவு மாறும், ஆகவே உறையில் உள்ளதே கணக்கு. தூளை நேரே தெளிப்பானில் கொட்டினால் கட்டி கட்டி முனையை அடைக்கும். ஒரு குவளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டி, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். பிஎச் தாளில் (அமிலமா காரமா என்று காட்டும் தாள்) தண்ணீர் 8-ஐத் தாண்டியது, சில சொட்டு வினிகரில் 7-க்கு வந்தது. அதிகக் காரத்தன்மை பி.டி.-யின் நச்சுப் புரதத்தைக் கெடுக்கும்.

முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஒட்டும் திரவம் சேர்த்தால்தான் படியும். முனையை மேல்நோக்கித் திருப்பி அடிப்பக்கத்தை நனைத்தேன். தெளிக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். மிஞ்சிய கரைசலை நாளைக்கென்று வைக்கக் கூடாது.

மாலையில் தெளிப்பதற்குக் காரணம் வெயில். புறஊதாக் கதிர் சில நாட்களிலேயே மருந்தின் வலுவைக் குறைத்துவிடும். இரவு முழுவதும் புழு தின்னக் கிடைத்தால் அதுவே லாபம்.

ஜூன் 5

புழுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பலர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு வேறு விஷத்தைத் தெளித்துவிடுகிறார்கள். எண்ண வேண்டியது புழுவையல்ல, எச்சத்தை. நேற்றிரவு செடியடியில் விரித்த வெள்ளைத்தாளில் கரும்பச்சைப் புள்ளிகள் மிகக் குறைவு. அதாவது தின்பது நின்றுவிட்டது. புழுக் குடலின் காரத்தன்மையுள்ள சாற்றில் பி.டி.-யின் புரதப் படிகம் கரைந்து, செரிமான நொதிகளால் நச்சாக மாறி, குடல் சுவரின் செல்களில் துளையிடுகிறது. சில மணி நேரத்தில் வாய் ஓய்ந்துவிடும். சாவுக்கு இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். நமக்கு இப்படி ஆகாது: நம் இரைப்பையில் இருப்பது அமிலம், அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் நம் குடலில் இல்லை.

ஜூன் 7

கறுத்துத் துவண்ட புழுக்கள். நடுக்குருத்துக்குள் இரண்டு மட்டும் கொழுத்துத் திரிகின்றன, அங்கே கரைசல் எட்டவில்லை. கையால் எடுத்தாயிற்று. தக்காளியில் காய்க்குள் நுழைந்த துளைப்பானுக்கும் இதே கதைதான்: உள்ளே போன பிறகு எந்தத் தெளிப்பும் பயனில்லை, முட்டை பொரிக்கும் வாரத்திலேயே அடிக்க வேண்டும்.

ஜூன் 10

நேற்று நல்ல மழை, இலையில் இருந்தது கழுவிப் போயிற்று. புதுத் துளிரில் மருந்தே கிடையாது. இலையடியில் மஞ்சள் முட்டைகள் தெரிவதால் இன்று மாலை இரண்டாம் தெளிப்பு.

தோட்டத்தில் எலுமிச்சைச் செடி இருந்தால் அதன் மேல் படாமல் பாருங்கள். அதைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் இதில் சாகும். பட்டுப்புழுவுக்கு மல்பெரி வளர்ப்பவர்கள் இதைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. இந்த நுண்ணுயிர் 1901-இல் ஜப்பானில் முதலில் பிடிபட்டதே, செத்த பட்டுப்புழுக்களில் இருந்துதான்.

ஜூன் 13

வெல்லக் கரைசலில் பொட்டலத் தூளைப் போட்டு வீட்டிலேயே பெருக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். திறந்த வாளியில் எது வளர்ந்தது என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் செரியஸ் இதற்கு மிக நெருங்கிய உறவு.

வைரமுதுகுப் பூச்சி வயல்களிலேயே பி.டி.-க்கு எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொண்ட பூச்சி. ஆகவே வாரம் தவறாமல் அடிப்பதில்லை. புது முட்டை தெரிந்தாலோ தாளில் எச்சம் கூடினாலோ மட்டும். இன்று காலைத் தாளில் நாலே புள்ளி. தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.