கேள்வியைச் சிறிதாக்கும் கலை: நடுநிலை வகுப்பு ஆய்வுத் திட்டங்களுக்கு வழிகாட்டிய அனுபவம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். நல்ல தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே ஆசிரியரின் முதல் கடமை என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தேன். 'புவி வெப்பமயமாதல்', 'நீர் மாசுபாடு' போன்ற தலைப்புகளைக் கொடுத்த அந்த முதல் ஆண்டில் என் மேசைக்கு வந்த ஏடுகள் அனைத்தும், இணையத்திலிருந்து எடுத்தெழுதிய பத்திகளாலும் வெட்டி ஒட்டிய படங்களாலும் நிறைந்திருந்தன; ஒரு மாணவர்கூட எதையும் அளந்திருக்கவில்லை. பிழை என்னுடையது. பன்னிரண்டு வயதுக் குழந்தையால் அளக்கவோ எண்ணவோ உற்றுநோக்கவோ இயலாத ஒன்றைக் கேள்வியாக வைத்துவிட்டால், பிறர் எழுதியதைப் படியெடுப்பதைத் தவிர அக்குழந்தைக்கு வேறு வழி இல்லை.

எனவே இப்போது எட்டு வாரத் திட்டத்தில் முதல் இரண்டு வாரங்களைக் கேள்விக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். மாணவர்கள் தமக்குத் தோன்றும் கேள்விகளையெல்லாம் எழுதி வருவார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, 'இதற்கு விடை காண எதை மாற்றுவாய், எதை அளப்பாய், எதையெல்லாம் மாறாமல் வைத்திருப்பாய்?' என்று கேட்பேன். 'ஊஞ்சல் ஏன் ஆடுகிறது?' என்று எழுதி வந்த ஒரு குழு, இம்மூன்று கேள்விகளோடு நான்கு நாள் போராடி, 'நூலின் நீளத்தை மாற்றினால் ஊசலின் அலைவு நேரம் மாறுமா, குண்டின் எடையை மாற்றினால் மாறுமா?' என்பதில் வந்து நின்றது. (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டே ஊசல்; அது ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு, அதற்கு ஆகும் நேரம் அலைவு நேரம்.) நானே முதல் நாளில் அதைச் சொல்லியிருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் கேள்வி அவர்களுடையதாக இருந்திருக்காது.

அந்தக் குழுவின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அளக்கத் தொடங்குமுன் தம் கணிப்பைப் பேனாவால் எழுதிவைக்கச் சொன்னேன். கனமான குண்டு வேகமாக ஆடும் என்று நால்வரும் எழுதினார்கள். முதலில் ஒரே ஓர் அலைவை ஸ்டாப்வாட்ச்சில் அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தது. பொத்தானை அழுத்தும் விரல் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதிக்கக்கூடும் என்பதால், ஏறத்தாழ ஒரு விநாடியே எடுக்கும் அலைவில் அது பெரிய பிழை. இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து இருபதால் வகுத்தால் அதே பிழை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அடுத்து எண்ணுவதில் ஒரு சிக்கல். குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியதால், 'இருபது' என்று முடிக்கும்போது உண்மையில் பத்தொன்பது அலைவுகளே ஆகியிருந்தன. விடும் கணத்தில் 'சுழியம்' என்று சொல்லப் பழகிய பிறகுதான் அளவுகள் நிலைபெற்றன. 25 செ.மீ. நீளத்துக்கு இருபது அலைவுகள் சுமார் 20 விநாடி, ஒரு மீட்டருக்குச் சுமார் 40 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்காகிறது என்பதை அவர்களே அட்டவணையில் கண்டுபிடித்தார்கள்.

பின்னர் எடையை மாற்றினார்கள். கனமான குண்டு மெதுவாக ஆடியது! இருபது அலைவுகளுக்கு ஒரு விநாடிக்கும் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டது. அலைவு நேரம் எடையைப் பொறுத்ததன்று என்று பாடநூல் சொல்வதால், ஒரு மாணவர் அந்த வரிசையை அழித்துவிட்டு 'சரியான' எண்ணை எழுத முற்பட்டார். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. 'அந்த எண் பொய் சொல்லவில்லை, நீங்கள் அறியாமல் வேறெதையோ மாற்றியிருக்கிறீர்கள்' என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருத்தி ஸ்கேலோடு வந்து, பெரிய குண்டு உருவத்திலும் நீளமானது என்றும், நூலின் நீளத்தை மட்டுமே தாங்கள் அளந்திருந்ததாகவும், குண்டின் நடுப்பகுதி சின்னக் குண்டைவிட மூன்று செ.மீ. கீழே தொங்கியதாகவும் விளக்கினாள். குண்டின் மையம் வரை அளந்து நீளத்தைச் சமப்படுத்தியதும் வேறுபாடு மறைந்தது. அந்த ஆண்டின் ஆகச் சிறந்த பாடமாக நான் கருதுவது இதுவே.

அதனால்தான் குறிப்பேட்டில் அழிப்பானை அனுமதிப்பதில்லை. தவறாகத் தோன்றும் எண்ணின் மீது ஒரே ஒரு கோடு, அடியில் எண் தெரியும்படி. அருகில் தேதியும் காரணமும். ஒவ்வோர் அளவும் குறைந்தது மூன்று முறை.

ஒப்பீட்டுச் சோதனை எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு, இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வது வழக்கம். அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பப்பட்ட காலத்தில், அவர் சில பாத்திரங்களைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். திறந்தவற்றில்தான் புழுக்கள் வந்தன. காற்று புகாததே காரணமோ என்ற ஐயம் எழாதபடி, மெல்லிய துணியால் மூடிய பாத்திரங்களையும் வைத்துப் பார்த்தார். அவற்றுள் இறைச்சியின் மீது புழுக்கள் தோன்றவில்லை. இறுதிப் பாத்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஒப்பீடு புரிந்துவிட்டது என்று பொருள்.

நூல்களையும் இணையத்தையும் படிக்கத்தான் வேண்டும். படித்ததை மூடிவைத்துவிட்டு நண்பரிடம் வாயால் சொல்லி, சொன்னதை எழுதும்படி கேட்கிறேன். படியெடுத்தல் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடுகிறது. பெற்றோரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: பொருள்களைத் தேடித் தந்து உதவுங்கள், ஏட்டில் கைவைக்காதீர்கள்.

முடிவுரை எழுதும்போது அளந்த எல்லைக்குள் நிற்கப் பழக்க வேண்டும். 'எல்லா ஊசல்களும்' என்று எழுதியதை 'நாங்கள் அளந்த 25 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரையிலான ஊசல்கள், சிறிய வீச்சில் (குண்டைச் சற்றே விலக்கி விட்டு)' என்று திருத்திக்கொண்டார்கள். ஆய்வை முன்வைத்த நாளில், நூலுக்குப் பதிலாகக் கம்பியைக் கட்டினால் என்ன ஆகும் என்று வந்திருந்தவர் ஒருவர் கேட்டார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்பு ஸ்கேலோடு வந்த அதே மாணவி, 'அதை நாங்கள் அளக்கவில்லை, ஐயா. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்றாள்.