புதனின் கலோரிஸ் பள்ளம்

இன்று காலையிலிருந்து புதன் கோளின் கலோரிஸ் பள்ளத்தின் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 4,880 கிலோமீட்டர் விட்டமே கொண்ட ஒரு சிறு கோளின் மேல் ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால், சுமார் 380 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்பாறை ஒன்று வந்து விழுந்து அதை உண்டாக்கிய அந்த மோதலின் வலிமையை எண்ணும்போதே நெஞ்சு அதிர்கிறது. விளிம்பில் இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை மலைகள் எழுந்து நிற்கின்றன. உள்ளே எரிமலைக் குழம்பு பரவி உறைந்து சமவெளியாகிவிட்டது.

1974-இல் மாரினர் 10 விண்கலம் அருகே சென்றபோது பள்ளத்தின் கிழக்குப் பாதியில் மட்டுமே வெயில் பட்டது. மூன்று முறை கடந்து சென்றும் வெளிச்சம் விழுந்தது அதே பக்கத்தில்தான் என்பதால், முழுப் பள்ளத்தையும் காண 2008 ஜனவரியில் மெசஞ்சர் விண்கலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது தெரிந்தவைதான் என்னை மிகவும் கவர்ந்தவை: பள்ளத்தின் நடுப்பகுதியிலிருந்து சிலந்தியின் கால்களைப் போல நாற்புறமும் விரியும் நூற்றுக்கும் மேற்பட்ட குறுகிய பிளவுகள்! அவற்றின் மையத்தை ஒட்டி 41 கிலோமீட்டர் அகலமுள்ள அப்பல்லோடோரஸ் என்னும் பள்ளம் ஒன்றும் இருக்கிறது.

கோளின் நேர் எதிர்ப்புறத்திலோ நிலம் குன்றும் குழியுமாக நொறுங்கிக் கிடக்கிறது. மோதலின் அதிர்வலைகள் கோளைக் கடந்து சென்று அங்கே ஒன்றுகூடியதால் தரை தூக்கியெறியப்பட்டது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம்.