மீன் போட்ட டை

கானாங்கெளுத்தியை வெட்டக் கொடுத்துவிட்டு லண்டன் ஈஸ்ட்ஹாம் மீன்கடையில் நின்றிருந்தேன். கடைக்கார அண்ணன் கத்தியை வைத்துவிட்டு டிவியை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன். பிரிட்டன் விட்டு விலகிய ஐரோப்பிய ஒன்றியத்தோடு வணிக ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். கெடுவான 2020 முடிய இன்னும் ஏழே நாள்.

"தம்பி, அந்தாளின்ட டையைப் பாத்தீங்களே?"

பார்த்தேன். டை முழுக்கக் குட்டிக் குட்டி மீன்கள்.

சும்மா ஒன்றும் கட்டிக்கொண்டு வரவில்லை. ஐரோப்பியத் தரப்பில் பார்னியேவும் பிரிட்டன் தரப்பில் ஃப்ராஸ்ட்டும் மாதக்கணக்கில் பேசி மற்றதெல்லாம் ஏறக்குறைய படிந்த பிறகும், கடைசி வரை இழுத்தடித்தது மீன்தான். பிரிட்டன் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குத்தான் இத்தனை ராத்திரி விழிப்பு!

கடைசியில், பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25 சதவீதத்தை ஐந்தரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தர ஐரோப்பியத் தரப்பு ஒப்புக்கொண்டது.

இதில் வேடிக்கை, இங்கே பிடிக்கும் மீனில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் விற்பனைக்குப் போகிறது. சிப்ஸோடு இவர்கள் சாப்பிடும் காட் மீன் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருகிறது.

ஊரில் பாகப்பிரிவினை நடக்கும். வீடு, வயல் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கொல்லையில் நிற்கும் ஒற்றை முருங்கைக்கு அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதே முகங்கள், கோட்டு சூட்டோடு.

"ஜனவரியில விலை ஏறுமாண்ணே?"

"முதல்ல டோவர் துறைமுகத்தில நிக்கிற லொறியள் நகரட்டும் தம்பி. தலை வேணுமே?"

"போடுங்க. குழம்புக்குத்தான்."