கப்பலில் எழுதிய இரண்டு கடிதங்கள்

நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் இரண்டு நடுக்கடலில் எழுதியவை. 1931 ஏப்ரல் 21, 22. கிராகோவியா என்ற கப்பலில் இலங்கைக்கு ஓய்வெடுக்கப் போகிறார், கூடவே மனைவி கமலாவும் 13 வயது இந்திராவும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம்? முதல் கடிதத்தின் தலைப்பே ‘மூன்று மாதங்கள்!’ என்பதுதான். ஜனவரி 26 விடுதலை, பிப்ரவரி 6 அப்பா மோதிலால் மரணம், அப்புறம் காந்தி–இர்வின் ஒப்பந்தம், கராச்சி காங்கிரஸ். விட்டுப்போன பேச்சைக் கப்பலில்தான் தொடர முடிந்திருக்கிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அவருடைய சுயசரிதையில் வருகிற ஒரு சின்னப் பத்தி. இலங்கை மலைநாட்டு ஊரான நுவரெலியாவில் தங்கியிருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தினமும் பல மைல் நடந்து அவரைப் பார்க்க வருவார்களாம், கையில் காட்டுப் பூக்கள், காய்கறி, வீட்டில் எடுத்த வெண்ணெய். பேச மொழி இல்லை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி.

அந்த மொழி தமிழ். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கண்டிச்சீமைக்குப் போனவர்களும் அந்த மலையில் இருந்தார்கள், ஆச்சியின் அம்மா உட்பட. கொழுந்து பறித்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குக் கடிதம் போட, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார வேண்டும், அடுத்தவர் காதுபட எதைச் சொல்ல முடியும்? நலம், நலமறிய ஆவல். நேரு மகளுக்கு மனசைத் திறந்து எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எழுதப்படாத கடிதங்கள்தான் ஞாபகம் வருகின்றன. தமிழ் தெரிந்த ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம், அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று நமக்கும் தெரிந்திருக்கும். 1939-இல் இந்தியத் தொழிலாளர் வேலைநீக்கம் பற்றிப் பேச அவர் மறுபடி இலங்கைக்குப் போனார் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

போன வாரம் அந்தப் பத்தியை ஆச்சிக்குத் தமிழில் சொன்னேன். பூவையும் காய்கறியையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“வெண்ணெயா? அப்ப மாடு வச்சிருந்தவங்களாத்தான் இருக்கும். எங்கம்மா ரெண்டு மாடு வச்சிருந்தா.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பெயர் நினைவில்லை. “நுவரெலியாவுக்கு நடந்தா ஒரு பகல்னு சொல்லுவா” என்றாள்.