பல்லி மூடப்பட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் முதல் செய்தித்தாள் இன்று வெளிவந்துவிட்டது. கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த நான்கு பக்கங்கள். தலைப்புச் செய்தி: ‘மழையால் பல்லி மூடப்பட்டது’. ஐந்து பேர் கொண்ட ஆசிரியர் குழு படித்துப் பார்த்ததாம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிழை திருத்த உட்கார்ந்த என் கண்ணிலும்தான்! கண்டுபிடித்துச் சிரித்தவர், பேரனை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டி.

எனக்குப் பிடித்தது மூன்றாம் பக்கம். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் ஆயாவைப் பேட்டி எடுத்திருக்கிறாள். ஊறுகாய்க்கு எந்த மாங்காய் நல்லது என்றுதான் ஆரம்பித்தாள். ஆயாவோ, தான் பிறந்த கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பு வரைக்கும் போய்விட்டார். இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாள். குடைந்த ரொட்டிக்குள் கறிக் குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌவின் விலையேற்றமும் ஒரு செய்தி. அதில் கோபம் அதிகம், தகவல் குறைவு.

1903இல் இதே டர்பனில் காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கியதைச் சொன்னேன். மறு ஆண்டே அச்சகம், ஊருக்கு வெளியே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போனது. 1906இல் தமிழ்ப் பகுதி நின்றது.

“ஏன் மிஸ்?”

“பண்ணையில் வந்து தங்கித் தமிழில் எழுத ஆள் கிடைக்கவில்லை.”

“நான் போயிருப்பேனே” என்றான், பல்லியை மூடிய அதே பையன்.

அடுத்த இதழுக்குப் பெரிய ஸ்டேப்ளர் ஒன்று வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.