தூண்டல் பாடம், ஒரு மெகாஹேட்ஸில்

உயர்தரப் பௌதிகவியலில் தன்தூண்டல் படிக்காமல் நம் கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவை எவரும் தாண்டியதில்லை. ஓட்டம் மாறும் வீதத்தைத் தூண்டுதிறனால் பெருக்கினால் வோல்ற்றளவு வரும். இந்த ஒரு வரியை அலுக்காமல் கணக்குக் கணக்காகச் செய்வித்த ஆசிரியர்களுக்கான நன்றியே இக்கட்டுரை. ஒரு வோல்ற்றளவை இன்னொன்றாக்கும் உயர் மீடிறன் வலு மாற்றிகள் அந்த வரியில்தான் இயங்குகின்றன. பெரும்பாலும் அதே வரியால்தான் எரிந்தும் போகின்றன.

தரவு நிலையங்களில் 48 வோல்ற்றை 12 வோல்ற்றாக இறக்கும் பக் மாற்றியை எடுப்போம். வெளியீடு 10 அம்பியர், மீடிறன் 1 மெகாஹேட்ஸ். ஒரு சுற்று ஒரு மைக்ரோசெக்கன். உள்ளீட்டைத் தூண்டியுடன் (கம்பிச் சுருளுடன்) இணைக்கும் மேல் திரான்சிற்றர் அதில் கால்வாசி, அதாவது 250 நனோசெக்கன் திறந்திருக்கும், அதாவது ஓட்டத்தைக் கடத்தும்; மீதி நேரம் அது மூடியிருக்க, கீழ்த் திரான்சிற்றர் ஓட்டத்துக்கு வழிவிடும். அந்நேரம் தூண்டிக்குக் குறுக்கே 36 வோல்ற்று நிற்கிறது. 2.2 மைக்ரோஹென்றி போட்டால் ஓட்டம் 4.1 அம்பியர் ஏறி இறங்கும். இதே ஏற்ற இறக்கம் 100 கிலோஹேட்ஸில் வேண்டுமென்றால் 22 மைக்ரோஹென்றி தேவை. மீடிறனைக் கூட்டுவதன் இலாபம் இதுதான்: தூண்டி சிறுக்கிறது. வெளியீட்டில் உண்மையாகவே 20 மைக்ரோபரட் கொள்ளளவு இருந்தால் அலைவு 26 மில்லிவோல்ற்று அளவில் நிற்கும். "உண்மையாகவே" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். செரமிக் கொள்ளளவியில் 22 என்று போட்டிருந்தாலும், 12 வோல்ற்று ஏறியதும் அது பாதிக்குக் கீழேகூட இறங்கும். தரவுத்தாளில் உள்ள வோல்ற்றளவு வளையியைப் பார்த்தே எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி அந்த வரியின் மறுபக்கம். சிலிக்கனைவிட வேகமாக ஆளியிடும், அதாவது திறந்து மூடும், காலியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றர் 10 அம்பியரை 5 நனோசெக்கனில் திருப்பிவிடும். உள்ளீட்டுக் கொள்ளளவி, மேல் திரான்சிற்றர், கீழ்த் திரான்சிற்றர் ஆகிய மூன்றையும் சுற்றிவரும் தடத்தில் 10 நனோஹென்றி இருந்தால் 20 வோல்ற்று மேலதிகமாக எழும். மெல்லிய செப்புக் கோடு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஓடினாலே அந்த 10 வந்துவிடும். சுற்றுப்படத்தில் இப்படியொரு தூண்டியை எவரும் வரைவதில்லை. பலகையில் அது இருக்கும். மருந்து எளிது. கொள்ளளவியைத் திரான்சிற்றருக்கு ஒட்டியே வையுங்கள். திரும்பும் ஓட்டத்தை நேர் கீழேயுள்ள இரண்டாம் படையில் விடுங்கள். எதிரெதிர்த் திசை ஓட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று அழிக்க, தூண்டுதிறன் ஒரு நனோஹென்றி அளவுக்கு இறங்கும்.

திரான்சிற்றரைத் திறந்து மூடும் முனையான கேற்றிலும் கவனம் வேண்டும். இவ்வகைத் திரான்சிற்றர்கள் பலவற்றுக்கு 5 வோல்ற்று கொடுக்க வேண்டும், 6 தான் உச்ச எல்லை. கேற் தடத்தின் துள்ளல் ஒன்றே அதைத் தாண்டப் போதும். இரு திரான்சிற்றர்களும் மூடியிருக்கும் இடைவெளியும் விலை கேட்கும். அந்நேரம் கீழ்த் திரான்சிற்றர் 2 வோல்ற்று அளவு வீழ்ச்சியுடன் பின்புறமாகக் கடத்துகிறது. சுற்றுக்கு இருமுறை 20 நனோசெக்கன் விட்டால் 0.8 வாற்று வெப்பமாகப் போகிறது. 5 ஆகக் குறைத்தால் 0.2 வாற்றுத்தான், அதற்கும் கீழே போனால் இரண்டும் ஒன்றாகத் திறக்கும் ஆபத்து.

அலைவுகாட்டியால் அளக்கும்போது அதன் புரோப்பின் (அளக்கும் முனையின்) நீண்ட புவிக் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் சிறு புவிச் சுருளைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் திரையில் தெரியும் துள்ளலில் பாதி அந்தக் கம்பியுடையது. 100 மெகாஹேட்ஸ் அலைவுகாட்டியின் சொந்த எழுநேரமே, அதாவது ஒரு விளிம்பு ஏறிக் காட்ட அதற்கு எடுக்கும் நேரமே, 3.5 நனோசெக்கன். 5 நனோசெக்கன் விளிம்புக்கு அது போதாது. ஆனால் 100 கிலோஹேட்ஸில் சிலிக்கன் மொஸ்பெற்று வகைத் திரான்சிற்றருடன் பழக அது தாராளம். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நம் சங்கம் ஏதாவது வாங்குவதானால், என் வாக்கு அதற்கே.

வெளியீட்டை அளந்து துடிப்பைத் திருத்தும் கட்டுப்பாட்டில் பலர் இடறுவது தாமதத்தில். 1976 இல் ஆய்வாளர்களான மிடில்புறூக்கும் சூக்கும் முன்வைத்த சராசரிப்படுத்தும் முறையால் ஆளியிடும் சுற்றை நேர்கோட்டுத் தொகுதியாகப் பார்க்கலாம். நம் தூண்டியும் கொள்ளளவியும் 24 கிலோஹேட்ஸில் பரிவுறும். பின்னூட்டல் தடத்தின் நயம் (பெருக்கம்) ஒன்றாகும் மீடிறனை, ஆளியிடும் மீடிறனில் பத்திலொன்றாக, 100 கிலோஹேட்ஸில் வைக்க மனம் சொல்லும். ஒப்புமைச் சுற்றில் அது சரி. நுண்கட்டுப்படுத்தியில் மாதிரி எடுத்துக் கணித்து அடுத்த துடிப்பை வெளியிட ஒன்றரைச் சுற்று போய்விடும். அந்த 1.5 மைக்ரோசெக்கன் 100 கிலோஹேட்ஸில் 54 பாகை அவத்தையைத் தின்றுவிடும். நயம் ஒன்றாகும் மீடிறனை 50 கிலோஹேட்ஸாக இறக்கினால் இழப்பு 27 பாகைதான். தடம் அலையாமல் நிற்பதற்கான 45 பாகை அவத்தை விளிம்பு கிடைக்க வாய்ப்புண்டு.

இன்னொரு பொறி, துடிப்பின் அகலத்தை மாற்றக்கூடிய மிகச்சிறிய படி. 200 மெகாஹேட்ஸ் கடிகாரத்தில் ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒரு படி வெளியீட்டில் 0.24 வோல்ற்று. மாற்றி இரு படிகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடும். 150 பிகோசெக்கன் நுண்படி தரும் கட்டுப்படுத்தியில் அது 7 மில்லிவோல்ற்றாகும். இந்தப் படி, கட்டுப்படுத்தி வெளியீட்டை அளக்கும் மிகச்சிறிய படியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது விதி.

கடைசியாக, ஆளியிடும் இரைச்சல் மூலத்துக்குப் போகாமல் தடுக்கும் உள்ளீட்டு வடிகட்டி. சீராக 120 வாற்று இழுக்கும் மாற்றி, உள்ளீட்டு வோல்ற்றளவு குறைந்தால் ஓட்டத்தைக் கூட்டும். மூலத்துக்கு அது மறை 19 ஓம் தடையாகத் தெரியும். தணிப்பில்லாத வடிகட்டி அதனுடன் சேர்ந்து அலையத் தொடங்கும். மிடில்புறூக் இதையும் 1976 இலேயே எழுதிவிட்டார். 4.7 மைக்ரோஹென்றி, 4.7 மைக்ரோபரட் வடிகட்டியென்றால், அந்தக் கொள்ளளவிக்குச் சமாந்தரமாக 22 மைக்ரோபரட் மின்பகு கொள்ளளவியை 1 ஓம் அளவு தடையுடன் இணைத்தால் அடங்கும். மின்பகு கொள்ளளவியின் உட்தடையையும் அந்த 1 ஓமில் சேர்த்தே கணக்கிடுங்கள். குளிரில் அது பல மடங்கு ஏறுவதால், கனடாவிலோ நோர்வேயிலோ வெளியே நிற்கும் கருவியை மறை 20 பாகையிலும் இயக்கிப் பார்த்தே அனுப்ப வேண்டும்.