முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும்

நீடாமங்கலம் மூணாறு தலைப்புக் கரையில் ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளில் ஒருவன், நான் இராணுவத்தில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அமெரிக்கச் சிறப்புப் படைகளில் மெடிக், அதாவது போர்க்களத்திலேயே சிகிச்சை தரும் வீரர், ஆவதற்கு ஏன் அவ்வளவு காலம் பிடிக்கிறது என்று என்னிடம் கேட்டான்.

அங்கே தரைப்படையிலிருந்து வருபவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியும், ஐந்து முறை குதித்துத் தேற வேண்டிய மூன்று வாரப் பாராசூட் பயிற்சியும் முடிந்த பிறகே மருத்துவப் படிப்பு தொடங்குகிறது. வட கரோலினாவின் ஃபோர்ட் பிராகில் ஏறத்தாழ 36 வாரங்கள் நடக்கும் அந்தப் படிப்பில் உடற்கூறும் மருந்தியலும் கற்று, காயச் சிகிச்சையில் கைதேர்ந்து, பெருநகர மருத்துவமனைகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் உண்மையான நோயாளிகளைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் முந்தியவர்களும் புத்தகத்தின் முன் தோற்றுப்போவதுண்டு. பிளஸ் டூவில் உயிரியலை அலட்சியம் செய்யும் நம் பிள்ளைகளிடம் இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

வியட்நாம் போரில், கைகால் காயங்களிலிருந்து இரத்தம் வடிந்தே 2,500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1996இல் சிறப்புப் படைகளுக்கென வெளியான போர்க்களச் சிகிச்சை வழிகாட்டுதல் அதைச் சுட்டிக்காட்டித்தான், இரத்தம் நிற்கக் கைகாலை இறுக்கிக் கட்டும், பலரும் அஞ்சி ஒதுக்கியிருந்த டூர்னிக்கெட்டை மீண்டும் மெடிக்கின் கைக்குக் கொண்டுவந்தது. குண்டு பாயும் இடத்தில், இருட்டில், அதைத் தவறாமல் கட்டும் அளவுக்குக் கை பழக வேண்டாமா? அதற்குத்தான் அத்தனை மாதங்கள்.

போன குறுவைக்குச் சேறடித்தபோது, டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலில் சிக்கிய ஒருவருக்குக் கெண்டைக்கால் கிழிந்து, வயல் தண்ணீர் சிவந்துவிட்டது. துண்டை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, முழங்கால் மூட்டுக்கு மேலே தொடையில் கட்டி, முடிச்சுக்குள் ஸ்பேனரைச் செருகி முறுக்கினேன். அவர் கதறினார், இரத்தம் நிற்கும்வரை நான் நிறுத்தவில்லை. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதி 108இல் ஏற்றிவிட்டோம். இன்று அவர் தன் காலால் வரப்பில் நடக்கிறார்.

இதைச் சொன்ன கையோடு, அந்தப் பையனின் தொடையிலும் துண்டைக் கட்டி, கணுக்காலின் உட்புறத்தில் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இன்னும் துடிக்குது மாமா."

இன்னொரு சுற்று முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை எடுக்காமல், "இப்ப இல்ல" என்றான்.

உடனே கட்டை அவிழ்த்து, துண்டை அவன் கையில் கொடுத்து, என் காலில் கட்டச் சொன்னேன்.